கருடனைப் பார்க்கக் கயாக்கில் போனவர்கள்



கோயில் கும்பாபிஷேகம் நடக்கும் நாளில் கூட்டத்தில் பாதிப் பேர் கோபுரக் கலசத்தைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். கருடன் வந்து வட்டமிட வேண்டுமே என்ற தவிப்பு. வந்துவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோரும் ‘கோவிந்தா’ என்று குரல் கொடுப்போருமாக அந்த இடமே சிலிர்த்துப் போகும். அந்தக் கருடனுக்குப் பறவை நூல்களில் செம்பருந்து என்று பெயர். வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, செங்கல் நிற உடல். மலேசியாவின் கடலோரங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் வாழும் பறவை அது. அதைக் கூட்டமாகக் காணக்கூடிய இடங்களில் ஒன்று லங்காவித் தீவின் வடகிழக்கே ஓடும் கிலிம் ஆறு.

கிலிமில் கருடனைப் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. மோட்டார் படகில் போகலாம். வழிகாட்டியோடு கயாக்கில் துடுப்புப் போட்டும் போகலாம். சுற்றுலாக் கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். விலையில் கொஞ்சம் வித்தியாசம், நேரத்தில் கொஞ்சம் வித்தியாசம். ஆனால் எந்த வழியில் அதிகம் பேர் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆற்றங்கரையும், அங்குள்ள குரங்கும், அந்தக் கருடனும் எப்படி வாழப் போகின்றன என்பது இருக்கிறது.

லங்காவிக்கும் கழுகுக்கும் உள்ள உறவு ஊர்ப் பெயரிலேயே தொடங்குகிறது. ‘ஹெலாங்’ என்றால் மலாயில் கழுகு. ‘காவி’ என்றால் செம்பழுப்புக் கல். இரண்டும் சேர்ந்து லங்காவி ஆயிற்று என்பது தீவில் பலரும் சொல்லும் விளக்கம். தமிழில் நாம் சொல்லும் காவிக்கும் இதற்கும் உறவு உண்டா என்பதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுவோம். குவா படகுத்துறையில் இறங்கியதும் 12 மீட்டர் உயரத்தில் சிறகு விரித்து நிற்கும் கழுகுச் சிலையைப் பார்க்காமல் யாரும் ஊருக்குள் போக முடியாது. 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இடம் அதுதான். கிலிம் அந்தப் பூங்காவின் ஒரு பகுதி. 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைகள் சுவர்போல நிற்க, அவற்றின் காலடியில் சதுப்பு நிலக் காடு விரிந்து கிடக்கிறது.

இனி முதல் வழிக்கு வருவோம். மோட்டார் படகு குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு வௌவால் குகை, மீன் பண்ணை, முதலைக் குகை என்று ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் கழுகுக்கு உணவு போடுவது என்று ஒரு நிறுத்தம் பல ஆண்டுகளாகவே இருந்து வந்திருக்கிறது. படகோட்டி இயந்திரத்தை முடுக்கி நீரைக் கலக்குவார். கோழித் தோலையும் குடலையும் நீரில் வீசுவார். சற்று நேரத்தில் வானத்தில் பத்து, இருபது என்று செம்பருந்துகள் கூடிவிடும். ஒவ்வொன்றாகத் தாழ்ந்து வந்து நீரைக் கீறிக்கொண்டு கவ்விப் பறக்கும். படகில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை மறுப்பதற்கில்லை.

செம்பருந்து மீனும் நண்டும் பிடித்துத் தின்னும் பறவை. செத்து மிதப்பதையும் விடாது. கடலோரத்தைத் துப்புரவாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட பறவைக்கு எலும்பு இல்லாத கோழிக் கொழுப்பை நாள்தோறும் கொடுத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முட்டை ஓடு மெலிந்துவிடும் என்பது பறவை ஆர்வலர்களின் அச்சம். குஞ்சுகள் வேட்டையாடக் கற்றுக்கொள்ளாமல் படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடும் என்பது இன்னோர் அச்சம். இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். சில படகோட்டிகள் நிறுத்தியும் விட்டார்கள்.

படகோட்டிகளைக் குறை சொல்வது எளிது. அவர்களில் பலர் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள். வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைக் காட்டித்தான் பிழைக்க வேண்டும். ‘கழுகைக் கிட்டத்தில் காட்டுவீர்களா?’ என்று துறையிலேயே பேரம் பேசி ஏறுகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற சுற்றுப்பயணிகள்தானே!

சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அப்படி ஏறியவர்களில் ஒருவர். வயது 67. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருமுறை லங்காவிக்குப் போய் மோட்டார் படகில் கருடன்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு மனம் ஒப்பவில்லை. கோயிலில் எந்தப் பறவைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ, அந்தப் பறவைக்குக் கோழிக் குடலை வாரி வீசுவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “பெருமாள் வாகனத்துக்கா இது?” என்று வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய மகன், பள்ளி விடுமுறையில் எல்லாரையும் மறுபடி அழைத்துப் போனார். இந்த முறை கயாக்.

அப்பாவும் அம்மாவும் ஒரு கயாக்கில், தாத்தாவும் 11 வயதுப் பேத்தியும் இன்னொன்றில். இரண்டு பேர் அமரும் கயாக்கில் பின்னால் இருப்பவர்தான் திசை பிடிக்க வேண்டும். அதனால் தாத்தா பின்னால், பேத்தி முன்னால். வழிகாட்டி கிலிம் கிராமத்து மலாய் இளைஞர், மீனவர் மகன். அவர் தனிக் கயாக்கில் வந்தார்.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்றுதான் முதலில் பேச்சு. முந்தைய நாள் இரவு வழிகாட்டி தொலைபேசியில் அழைத்து ஏழே முக்காலுக்கு வரச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கொஞ்சம் எரிச்சல். காரணம் கரையில்தான் புரிந்தது. லங்காவிக் கடல் நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். பெரிய ஆற்றில் எந்த நேரமும் மிதக்கலாம். ஆனால் காட்டுக்குள் பிரிந்து போகும் குறுகிய வாய்க்கால்களில் நீர் வற்றினால் வெறும் சேறுதான். ஏறும் நீரோடு உள்ளே போய், இறங்கும் நீரோடு வெளியே வர வேண்டும். அப்படிப் போனால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கை வலிக்காது. கடல்தான் பாதி வேலையைச் செய்யும்.

பாதுகாப்பு மேலங்கியை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, துடுப்பைத் தோளால் அல்ல, இடுப்பைத் திருப்பிப் போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்த பிறகு வழிகாட்டி மூன்றே விஷயங்கள் சொன்னார். தண்ணீர்ப் புட்டியைத் தவிர வேறு உணவு எதுவும் கயாக்கில் வேண்டாம். பேச்சு மெதுவாக இருக்கட்டும். அவர் துடுப்பை உயர்த்தினால் எல்லாரும் நின்றுவிட வேண்டும்.

கயாக்கில் உட்கார்ந்தால் கண் நீர்மட்டத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மோட்டார் படகில் போகிறவர்களுக்குப் பச்சைச் சுவராகத் தெரியும் காடு, அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பாக்காவ் மரங்கள் வளைந்த வேர்களை ஊன்றிக்கொண்டு, காலைத் தூக்கிச் சேற்றில் நடப்பவைபோல நிற்கும். அவற்றின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீளமாகத் தொங்குகிறது. முற்றியதும் விழும். நீர் வற்றியிருந்தால் சேற்றிலேயே குத்தி நிற்கும். நீர் ஏறியிருந்தால் மிதந்து போய் வேறு கரையில் வேர்விடும். பேத்தி அப்படி மிதந்து வந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வழிகாட்டி அதை வாங்கி, அதன் நுனியில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாக வேர் கிளம்பியிருப்பதைக் காட்டிவிட்டுத் திரும்ப நீரிலேயே விட்டார்.

சேற்றுக் கரையில் உடும்பு ஒன்று படுத்திருந்தது. மீன்களே நடக்கின்றன என்று பேத்தி கத்தப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். மலாயில் பெலாச்சாக் என்று சொல்லும் சேற்று மீன்கள் அவை. தலைமேல் தவளைக்கண், மார்புத் துடுப்புகளை ஊன்றித் தாவித் தாவிப் போகும். பக்கத்தில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள், யாரையோ கூப்பிடுவதுபோலக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. பெண் நண்டை அழைக்கிறது. கிளை ஒன்றில் சுருண்டு கிடந்த விரியன் பாம்பை வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டும்வரை யாரும் பார்க்கவில்லை. பகல் முழுதும் அப்படியே கிடக்கும், இரவில்தான் இரை தேடும் என்றார். அந்தக் கிளையின் அடியில் போகவிடாமல் எல்லாரையும் எதிர்க்கரைப் பக்கமாக அழைத்துப் போனார்.

இங்கே வௌவால்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சதுப்பு நிலத்தில் வளரும் ‘பெரெப்பாட்’ என்ற மரம் இரவில் பூக்கும். அதன் மகரந்தத்தை எடுத்துச் செல்வது தேன் உண்ணும் குகை வௌவால். அதே வௌவால்தான் டுரியான் பூவுக்கும் வேலை செய்கிறது. பத்துமலைக் குகைகளில் வாழும் இந்த வௌவால்கள், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் உள்ள சதுப்பு நிலப் பூக்களைத் தேடிப் பறந்து போய்விட்டுத் திரும்பும் என்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடலோரத்துச் சேற்றுக் காட்டை அழித்தால் பழக்கடையில் டுரியான் விலை ஏறும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தொடர்பு உண்மையானது.

மோட்டார் படகுகளின் இன்னொரு பாதிப்பையும் அந்தக் குடும்பம் கண்ணால் பார்த்தது. பெரிய ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது ஒரு படகு விரைந்து போயிற்று. வழிகாட்டி உடனே எல்லாக் கயாக்குகளையும் அலையை நோக்கித் திருப்பச் சொன்னார். பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்ந்துவிடும். கயாக்குகள் ஏறி இறங்கித் தப்பின. அலை அதோடு நிற்கவில்லை. போய்க் கரையில் அறைந்தது. ஒவ்வோர் அறைக்கும் வேரைப் பிடித்திருக்கும் சேறு கொஞ்சம் கரைகிறது. பிறகு வேர் அந்தரத்தில் தொங்குகிறது. அப்புறம் மரம் ஆற்றில் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த மரங்கள் கிலிம் கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். லங்காவியிலும் கோலா தெரியாங் மீனவர் கிராமத்தில் வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. கடலோரச் சதுப்புக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதை அந்த ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, குடும்பத்துக்கு வருவோம். ஒன்பதரை மணி இருக்கும். வாய்க்காலில் ஒரு வளைவு. கரை மரங்களில் நீண்டவால் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. வழிகாட்டி நிற்காமல் முன்னே போய்விட்டார்.

“தாத்தா, பசிக்குது.”

“மெதுவாப் பேசும்மா. இந்தா.”

பெரியவர் சட்டைப்பையில் ஒரு முறுக்குப் பொட்டலம் வைத்திருந்தார். பேத்திக்காகப் படகுத்துறையில் மறைத்து எடுத்து வந்தது. பிளாஸ்டிக் சரசரத்த சத்தம் பேத்தியின் காதுக்கு எட்டியதோ இல்லையோ, குரங்குகளுக்கு எட்டிவிட்டது. இரண்டு குரங்குகள் நீரில் குதித்து நீந்தி வந்தன. மூன்றாவது கிளையிலிருந்தே நேராகக் கயாக்கின்மீது பாய்ந்தது. பேத்தி அலறிக்கொண்டு ஒரு பக்கம் சாய, பெரியவர் அவளைப் பிடிக்க அதே பக்கம் சாய, கயாக் கவிழ்ந்தது.

மேலங்கிகள் இருவரையும் மேலே கொண்டுவந்துவிட்டன. ஆழம் அதிகமில்லை. அதுதான் ஆபத்தும்கூட. காலை ஊன்றலாம் என்று தோன்றும். ஊன்றினால் சேறு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பாதத்தைக் கிழிக்கும். “காலை ஊன்றாதீங்க அங்கிள்! பெலான், பெலான்!” என்று மலாயில் சொல்லிக்கொண்டே வழிகாட்டி வந்து சேர்ந்தார். முதலில் பேத்தியைத் தூக்கித் தன் கயாக்கில் படுக்கவைத்தார். பிறகு கவிழ்ந்ததைத் திருப்பினார். பெரியவர் மூன்றாவது முயற்சியில்தான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏற முடிந்தது. முறுக்கு குரங்குகளோடு போய்விட்டது. பெரியவரின் மூக்குக்கண்ணாடி சேற்றுக்குள் போய்விட்டது. அது இல்லாமல் அவருக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் சரியாகத் தெரியாது.

மகன் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் தாமே, “என் தப்புதான்” என்று சொல்லிவிட்டார்.

வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது இந்தக் குரங்குகள் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி நண்டு தேடித் தின்னும் என்றார். அவற்றுக்கு ‘நண்டு தின்னும் குரங்கு’ என்றே ஒரு பெயர் உண்டு. படகுகளிலிருந்து ரொட்டியும் கடலையும் விழத் தொடங்கிய பிறகு அவை மரத்திலிருந்து பிளாஸ்டிக் சத்தத்துக்குக் காது கொடுக்கப் பழகிவிட்டன. “முறுக்கு கொடுத்தவர் நீங்கள் முதல் ஆள் இல்லை, அங்கிள்” என்றார்.

பேத்தி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: “கருடனும் இந்தக் குரங்கு மாதிரி ஆயிடுமா?”

அப்பா அதை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். வழிகாட்டி கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, சில கருடன்கள் ஆகிவிட்டன, எல்லாமே ஆகவில்லை, வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கயாக் என்றாலே இயற்கைக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். சத்தமில்லாமல் வருவதாலேயே அது பறவைக்கு மிக அருகில் போய்விடும். கூட்டில் அடைகாக்கும் பறவை திடுக்கிட்டு எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் காயும், காகத்துக்கும் உடும்புக்கும் இரையாகும். வழிகாட்டி இல்லாமல் கயாக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் இதைத் தெரியாமலே செய்துவிடுகிறார்கள். நல்ல வழிகாட்டியின் திறமை, எங்கே போகக் கூடாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே பதிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை கயாக்குகள்? புறப்படும் நேரத்தைக் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் வைக்கிறார்களா? வழியில் கழுகுக்கும் குரங்குக்கும் உணவு போடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘போடுவோம்’ என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கேட்கிறவர்கள் கூடினால் படகுத்துறையில் பதிலும் மாறும்.

அந்தக் குடும்பத்தை வழிகாட்டி பெரிய ஆற்றின் ஆரவாரத்திலிருந்து விலகி, சுண்ணாம்புப் பாறை ஒன்றின் நிழலுக்கு அழைத்துப் போனார். துடுப்பை உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். கயாக்குகள் நகர்ந்துவிடாமல் ஒருவர் கயாக்கை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எதுவும் வரவில்லை. பழுப்புச் சிறகு மீன்கொத்தி ஒன்று குறுக்கே பறந்தது. மலேசியாவின் வடமேற்கு ஓரத்தில், அதிலும் லங்காவியில்தான் அதை எளிதாகப் பார்க்கலாம். பெரியவருக்கு அதுவும் ஒரு நிறக்கோடாகத்தான் தெரிந்தது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

“தாத்தா, வந்திருச்சு.”

“எங்கம்மா?”

“பாறைக்கு மேல. ஒண்ணுதான். சுத்துது. தலை வெள்ளையா இருக்கு.”

பெரியவர் வானத்தை நோக்கி முகத்தை உயர்த்தினார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் கருடன் இல்லை. பேத்தி பின்னால் எட்டி அவர் கையைப் பிடித்துத் திசையைக் காட்டினாள்.

“இப்ப கீழ வருது தாத்தா... தண்ணிகிட்ட வந்திருச்சு... பிடிச்சிருச்சு! மீன்!”

“வாயிலயா?”

“இல்ல, கால்ல. மேல போகுது. அய்யோ தாத்தா, மரத்துக்குப் போகல. காலைத் தூக்கி, பறந்துகிட்டே சாப்பிடுது!”

பெரியவர் சேறு காயாத கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. வழிகாட்டி துடுப்பைத் தாழ்த்தி, திரும்பலாம் என்று சைகை காட்டினார். வாய்க்காலின் வாய்க்கு வரும்வரை பேத்தி மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பெரியவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல, “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே துடுப்புப் போட்டார்.